பொன்னியின் அப்பா வந்தாரா?

திரையில் ஒரு கால் நின்றுவிட்டது.

பச்சைப் பேன்ட் போட்ட பெண்ணின் வலது கால். எதிரில் நின்ற தடியனின் தாடைக்கு ஒரு சாண் தூரத்தில், அந்தரத்தில், அப்படியே. பிறகு அது சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தது. ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு சத்தம்.

நான் மைக்கைப் பிடித்தபடி துரை அண்ணனைப் பார்த்தேன். அவர் பிளேயரின் தலையில் ஒரு தட்டு தட்டினார். டிஸ்கை வெளியே எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டார். கால் வரவில்லை. நீலத் திரைதான் வந்தது.

சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும். கடைசி நாள், கடைசிச் சண்டை. பஜாரில் டீக்கடை, சலூன், செருப்புக்கடை என்று டிவி இருந்த இடமெல்லாம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். குப்பத்தில் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கீச்சுச் சத்தம் நிற்கவில்லை என்பதால் துரை அண்ணன் கல்யாண சவுண்ட் சர்வீஸில் வாங்கிய, குரலுக்கு எக்கோ போடும் மிக்ஸரையே கழற்றி எறிந்தார். என் மைக்கை நேராக, ஊருக்குப் படம் அனுப்பும் மெஷினில் சொருகினார். கையைச் சுழற்றி, பேசு என்றார்.

நான் மைக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாத்த பேசறது அண்ணா, படமே இல்லியே" என்றேன்.

"இத்தினி நாளு படத்தப் பாத்தா பேசின? நீ பாட்டுக்குத்தான பேசிகினு இருந்த. பேசு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை விளக்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காற்றடித்த வாரம்

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பேர் எஸ்தர். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல், புதுப்பட்டினத்தில் துரை அண்ணனின் கேபிள் ஆபீசில் போன் எடுக்கும் வேலையில் இருந்தேன். "டிவி தெரியல", "கோடு கோடா வருது", "சவுண்டு மட்டும் வருது" என்பவர்களிடம் "ஆள் வராங்க" என்று சொல்ல வேண்டும். ஆள் என்றால் துரை அண்ணன்தான். எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்த வருஷம் ஐப்பசிக் காற்று எங்கள் மொட்டைமாடி டிஷ்ஷைப் பிடுங்கித் திருப்பிவிட்டது. வானத்தைப் பார்க்க வேண்டியது, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு சானலும் இல்லை. புது டிஷ் வர நாளாகும் என்றார்கள். மிச்சமிருந்தது துரை அண்ணன் சொந்தமாக ஓட்டிய சானல் ஒன்று. அதில் போட அவரிடம் இருந்த படங்களை ஊரே மூன்று தடவை பார்த்துவிட்டது.

அப்போதுதான் மாமல்லபுரத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. கல் செதுக்கப் படிக்க வந்த ஜப்பான்காரப் பெண் ஒருத்தி, அங்கே லாட்ஜில் சில மாதம் தங்கிவிட்டு ஊருக்குப் போகும்போது விட்டுப் போன சாமான். லாட்ஜ்காரர் துரை அண்ணனுக்குச் சிநேகிதர். பெட்டிக்குள் இருபத்துச் சொச்சம் டிஸ்க். மேலே பூச்சி ஊர்ந்த மாதிரி எழுத்து. போட்டுப் பார்த்தால் கார்ட்டூன். கார்ட்டூன் என்றால் எலியும் பூனையும் இல்லை. மீசை வைத்த பெரிய பெரிய ஆட்கள் மலை மேலும் கப்பல் மேலும் நின்று ஒருத்தரை ஒருத்தர் உதைத்துக்கொண்டார்கள்.

"சண்ட நல்லாக் கீது. வுடு, ஓடட்டும்" என்றார் அண்ணன்.

ஓடிய ஐந்தாவது நிமிஷத்தில் போன் அடித்தது. "இன்னாம்மா பேசறானுங்க? ஒண்ணும் புரியல." நான் திரையைப் பார்த்து, எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "அந்தப் பெரியவர செவுப்புச் சட்டக்காரன் அடிச்சிட்டான். அதுக்குப் பழி வாங்கப் போறாரு இவரு." வைத்தால் அடுத்த போன். அதே கேள்வி. பதினோராவது போனுக்குள் அந்தப் பெரியவருக்கு ஒரு பெண்டாட்டி, ஒரு தோப்பு, ஒரு சொத்துத் தகராறு எல்லாம் வந்துவிட்டது.

துரை அண்ணன் எழுந்துபோய் மைக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிகினு இருக்கறதுக்கு, மொத்தமா இதுல சொல்லிடு."

ஜப்பான் பாஷைச் சத்தத்தைக் குறைத்து, அதன் மேல் நான் பேசினேன். மிக்ஸரில் எக்கோ இருந்தது. அதைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். என் குரல் எனக்கே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

சேகரும் தாய்மாமனும்

பேர் வைக்க யோசிக்க நேரமில்லை. கதாநாயகன் திரையில் வந்தபோது வாயில் வந்த பேர் சேகர். கையில் வெள்ளி உறை மாட்டிய தடியனுக்கு என் எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் பேரை வைத்தேன்: தணிகாசலம். பின்னலைச் சாட்டை மாதிரி சுழற்றும் பெண்ணுக்குப் பொன்னி. அன்றைக்கு வீட்டில் அரிசி வாங்கச் சொல்லியிருந்தார்கள், அந்த ஞாபகத்தில் வந்த பேர்.

ஒரு நாள் தணிகாசலமும் சேகரும் சண்டையை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்றில் இலை பறக்கிறது. ஒரு பேச்சும் இல்லை. ஊர் காத்திருக்கிறது, நான் என்ன செய்வேன்? தணிகாசலம் சேகருக்குத் தாய்மாமன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பாஸ்கர் வந்தான். சலூனுக்குப் பக்கத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தவன். வாசலில் நின்றே ஆரம்பித்தான்.

"யாரு இந்தக் கதைய சொல்றது?"

"நான்தான்."

"இந்த ஆளுங்க அத்தினி பேரும் என் மெஷின்ல கீறாங்க. கேம்தான் மொதல்ல வந்திச்சு, அத்த வெச்சுத்தான் இந்தப் படம் எடுத்துக்கீறாங்க. அந்தத் தடியன்தான் கடைசி ஆளு. அவன அடிச்சாத்தான் கேம் முடியும். நீ அவன தாய்மாமன்னு சொல்லிட்ட."

"அதனால இன்னா?"

"பசங்க அடிக்க மாட்டேங்கறானுங்க. தாய்மாமன எப்டி அண்ணா அடிக்கிறதுன்னு கேக்கறானுங்க."

துரை அண்ணன் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கதையில் இப்படி ஒரு பொறுப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சமாதானமாக பாஸ்கர் என்னை அவன் கடைக்குக் கூட்டிப் போய் அந்த மெஷினைக் காட்டினான். எல்லாரும் இருந்தார்கள், சின்னச் சின்னப் பொம்மைகளாக. ஆனால் அதில் கதை ஏது? இரண்டு பேர் நிற்பார்கள், அடித்துக்கொள்வார்கள், ஒருத்தர் விழுவார், காசு போட்டால் மறுபடி எழுந்து நிற்பார். அந்த வெறும் அடிதடிக்கு ஜப்பானில் யாரோ உட்கார்ந்து ஒரு மலையும் ஒரு அழுகையும் சேர்த்திருக்கிறார்கள். அது புரியாததால் நான் அதற்கு ஒரு தாய்மாமனைச் சேர்த்திருக்கிறேன். பெரிய தப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தப் பொண்ண மட்டும் வெளாட யாரும் எடுக்க மாட்டாங்க" என்று பொன்னியைக் காட்டினான் பாஸ்கர். "கை எட்டாது. சீக்கிரம் செத்துடும்."

இரண்டு வாரம் கழித்து அவனே வந்து சொன்னான், இப்போது எல்லாரும் பொன்னியைத்தான் எடுக்கிறார்கள் என்று. பொன்னியை முதலில் பிடிக்க அடிதடி நடந்து, மெஷினின் ஸ்டிக்கே ஆடிப்போய்விட்டதாம்.

முகமூடி

பொன்னிக்கு அப்படி ஒரு மவுசு வரக் காரணம் ஒரே ஒரு காட்சி.

அவள் சண்டைக்கு வரும்போதெல்லாம் மரத்தில் செய்த ஒரு முகமூடி போட்டிருப்பாள். ஒரு நாள் சண்டை முடிந்து வீட்டுக்குப் போகிறாள். உள்ளே நரைத்த ஒரு மனுஷன் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவள் சட்டென்று முகமூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். அவர் ஒன்றும் கவனிக்காமல் அவளுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றுகிறார்.

நான் யோசிக்கவே இல்லை. "இது பொன்னியின் அப்பா. பெண் சண்டைக்குப் போவது இவருக்குப் பிடிக்காது. போகிறாள் என்று தெரியவும் தெரியாது" என்றேன்.

அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மைக்கில் பேசுவது எங்கப்பாவுக்குத் தெரியாது.

அப்பா பேர் சாமுவேல். பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் காண்ட்ராக்டில் புல் வெட்டும் வேலை. நான் கேபிள் ஆபீசில் சேர்ந்தபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "போன எடு, வை. அத்தோட இரு. ஆட்டக் காணோம், மாட்டக் காணோம்னு டிவில பேசச் சொல்வான் தொர. அதெல்லாம் வேணாம். நம்ம சத்தம் நாலு பேரு காதுல வுழுந்தா வம்பு."

அம்மாவுக்குத் தெரியும். அவள் வேலை செய்த டவுன்ஷிப் வீட்டிலேயே சாயங்காலம் ஆனால் என் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. "உங்கப்பனுக்கு நீயே சொல்லிக்க" என்று விட்டுவிட்டாள்.

நான் சொல்வதற்குள் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. வேலை விட்டு வரும் வழியில் டீக்கடையில் நின்று, அப்பாவே அந்தக் கார்ட்டூனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சோற்றுத் தட்டின் முன்னால்

தினமும் ராத்திரி சாப்பிடும்போது அன்றைய கதையை எங்களுக்குச் சொல்வார். நான் சொன்ன கதையை எனக்கே. எக்கோ போட்ட அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "மெட்ராஸ்லேர்ந்து எவளோ பேசறா. நல்ல பேச்சு" என்பார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

சும்மா சொல்ல மாட்டார். சேர்த்துச் சொல்வார். "தாய்மாமன்னா சும்மாவா? அவனுக்கும் ஒரு நாயம் இருக்கும். தங்கச்சிய ஏமாத்தி இருப்பானுங்க" என்று ஒரு நாள் சொன்னார். நல்ல யோசனையாக இருந்தது. மறுநாள் மைக்கில் தணிகாசலத்தின் தங்கையை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் சொன்னனா இல்லியா?"

முகமூடிக் காட்சி வந்த அன்றைக்கு நெத்திலிக் குழம்பு. அப்பா ஒரு வாய் கூட வைக்காமல் பேசினார்.

"அந்தப் பொண்ணோட அப்பன் ஒரு மடையன்" என்றார்.

எனக்குப் புரையேறியது.

"பொண்ணுக்குத் தெறம கீது. ஊரே கைதட்டுது. அத்த வுட்டுட்டு இன்னாத்துக்கு மறிச்சிகினு நிக்கிறான்? அவனுக்குத் தெரியாமயே அது மூஞ்சிய மறச்சிகினு போய் ஜெயிச்சிகினு வருது. தெரிய வரும்போது அவன் மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சுக்குவான்?"

அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் தண்ணீர் குடித்தேன். சொல்லவில்லை.

கார்ட்டூன் அப்பாவைத் திட்டுகிற தைரியம் அவருக்கு வேறு எங்கும் வந்து நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் அவருடைய ஊரில் திருவிழாவுக்குக் கூத்து நடக்குமாம். சேரி ஆட்களான இவர்கள் கூட்டத்துக்குள் போக முடியாது. தள்ளி, ஏரிக்கரை மேல் நின்று கேட்க வேண்டும். அங்கிருந்து கிரீடம் தெரியாது, முகம் தெரியாது. குரல் மட்டும் வரும். விடிய விடிய நின்று அந்தக் குரலிலேயே மொத்தக் கதையும் பார்த்தோம் என்பார். ஒரு தடவை நல்ல கட்டத்தில் இவர் வாயை மூட மறந்து "ஆகா" என்றுவிட, கூட்டத்திலிருந்து நாலு பேர் எழுந்து கரைக்கு வந்தார்களாம். அதற்கு மேல் சொல்ல மாட்டார். நாலு பேர் காதில் விழுந்தால் வம்பு என்பதற்கு அவரிடம் இருந்த காரணம் அதுதான்.

மறுபடி நீலத் திரை

இப்போது அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன். படம் இல்லை, எக்கோ இல்லை, ஜப்பான் சத்தம் இல்லை. நீலத் திரையும் நானும்தான்.

பேச ஆரம்பித்தேன். பொன்னியின் உதையைத் தணிகாசலம் வெள்ளிக் கையால் தடுத்ததைச் சொன்னேன். அவள் மண்ணில் விழுந்ததைச் சொன்னேன். முகமூடி இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியாது. இப்போது அவள் முகம் எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் அவள் அப்பா இருந்தால் அவருக்கும் தெரியும்.

அவர் இருக்கிறாரா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. எங்கப்பா. காக்கிச் சட்டையில் புல் ஒட்டியிருந்தது. டீக்கடையிலிருந்து எங்கள் ஆபீசுக்கு ஐம்பது அடி கூட இருக்காது. எக்கோ இல்லாத என் குரலை அவர் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் வார்த்தையிலேயே தெரிந்திருக்கும்.

துரை அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். மைக் மட்டும் திறந்தே இருந்தது. புதுப்பட்டினம் முழுக்க டிவிகளில் சத்தமில்லாத நீலத் திரை மட்டும் இருந்திருக்கும்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். பிளேயரைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

நான் நீலத் திரையைக் காட்டினேன்.

"அவ அப்பன் வந்தானா, இல்லியா? அத்த சொல்லு."

அந்தக் கேள்வி அப்படியே ஊர் முழுக்கப் போனது. பிற்பாடு பாஸ்கர் சொன்னான், சலூனில் சவரம் பாதியில் நின்றதாம்.

"வந்தாரு" என்றேன்.

"வந்து இன்னா சொன்னான்?"

வாயைத் திறந்தேன்.  இருபது நாளாக எல்லாருக்கும் வசனம் வைத்தவளுக்கு இந்த ஒரு மனுஷனுக்கு வைக்கத் தெரியவில்லை.  அப்பாவே சொன்னார், முன்னைவிட மெதுவாக.

"ஒண்ணும் சொல்லி இருக்க மாட்டான். ஒக்காந்து பாத்து இருப்பான்."

சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த கேபிள் வயர் சுருளின் மேல் உட்கார்ந்தார். முழங்கை இரண்டையும் முட்டி மேல் வைத்து, என்னைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு நான் எப்படிப் பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. பொன்னி எழுந்தாள், அதுவரை நிச்சயம். முகமூடியை மிதித்துக்கொண்டு போனாள். சேகரும் வந்து சேர்ந்துகொண்டான். தணிகாசலம் தோற்றார். ஆனால் சாகவில்லை, தாய்மாமன் ஆயிற்றே. தங்கையின் பேரைச் சொல்லி அழுதுவிட்டு மலையை விட்டு இறங்கிப் போனார். நான் மைக்கை வைத்தபோது துரை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏ.சி. வேலை செய்யாததால் வேர்வை என்றார். எங்கள் ஆபீசில் ஏ.சி.யே கிடையாது.

பஜார் வழியே

நானும் அப்பாவும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம்.  பேச மற்றவர்கள் விடவில்லை.

நாங்கள் ஆபீசிலிருந்து வருவதைப் பார்த்துவிட்டு, மீன் விற்கும் கன்னியம்மா கூடையை இறக்கிவைத்து எங்களை மறித்தாள். தினமும் போன் போட்டு, "நாளைக்கி இன்னா ஆவும், எனக்கு மட்டும் சொல்லு" என்று கேட்பவள். ஆளை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். குரல்தான் அடையாளம் தெரிந்தது.

"நானும் கேட்டுக்கினேதான் இருந்தேன். நடுவுல ஒரு ஆம்பள பேசினானே, யாரு அது?" என்றாள் என்னிடம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பஜார், கூட்டம், நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள்.

"நான்தான்" என்றார். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. "இது என் பொண்ணு."

கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கூடையிலிருந்து இரண்டு வவ்வால் மீனை எடுத்து இலையில் சுற்றி அவர் கையில் வைத்தாள். காசுக்குச் சட்டைப்பையைத் தொட்டவரை, "அட போய்யா" என்று தள்ளிவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி அப்பா கதை சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, "தொண்ட வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். அம்மாவைப் பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைக்கச் சொன்னார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஏதோ கேட்க நினைக்கிறார் என்று தெரிந்தது. அம்மா டம்ளரைக் கழுவப் போன பிறகு கேட்டார்.

"பாப்பா, நெசமாவே படத்துல அப்டித்தான் முடியுதா? அவ ஜெயிக்கறாளா?"

"தெரியலப்பா. டிஸ்க்கு ஓடல. இன்னா ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது."



"நீ சொன்னல்ல" என்றார். "அப்டின்னா அப்டித்தான் ஆச்சு."